முன்னாடியே சொல்லிடுறேன்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. "உன்னைப் பற்றி ஒன்று எழுதப் போகிறேன்" என்று வாட்ஸப்பில் அவளிடம் சொன்னபோது, "எழுதுங்க, ஆனா பேரு மட்டும் வேணாம். அச்சுல என் பேரு வந்தா எனக்குப் பயமா இருக்கும். முன்னாடியே சொல்லிடுறேன்" என்று பதில் வந்தது. நான் சிரித்துக்கொண்டேன். சவூதிக்குப் போய் இத்தனை காலமாகியும் ஆள் மாறவில்லை.

பெரம்பலூரில் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவள். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. கணவர் சவூதியில் வேலை பார்த்தார். பிள்ளைகளின் படிப்புக்காக இவள் டவுனுக்குக் குடிவந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பல்லிக்குப் பயம். இடிக்குப் பயம். குக்கரின் முதல் விசிலுக்குப் பயமில்லை, இரண்டாவதற்கு மேல் பயம். ஏடிஎம் அறைக்குள் போனால் கதவு திறக்காமல் போய்விடுமோ என்று யாரையாவது வெளியே நிறுத்திவிட்டுத்தான் போவாள். எல்லாவற்றுக்கும் மேலே, டூவீலர் என்றால் உயிரே போய்விடும். கல்யாணமான புதிதில் கணவர் பைக்கில் ஏறச் சொன்னதற்கு, ஊர் எல்லை வரை கூடவே நடந்து வந்தாளாம். அதை அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதுதான் அவளிடம் விசேஷம். பயத்தை மறைக்கத் தெரியாது. மறைக்க வேண்டிய ஒன்று என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம், "அண்ணே, வளைவு வந்தா எனக்குப் பயமா இருக்கும், முன்னாடியே சொல்லிடுறேன்" என்பாள். கண்டக்டர் என்ன செய்ய முடியும், பாவம். தலையை ஆட்டிவிட்டு டிக்கெட்டைக் கிழிப்பார்.

நான் வேப்பந்தட்டையைத் தாண்டி ஒரு கிராமத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். இரத்தம் எடுப்பது என் அன்றாட வேலை. ஒருமுறை அவளுக்குத் தைராய்டு சோதனை செய்ய வேண்டியிருந்தது. வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"அக்கா, ஊசி குத்துனா நான் கத்துவேன். முன்னாடியே சொல்லிடுறேன். நீங்க பயந்துடாதீங்க."

சொன்னபடி கத்தினாள். எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. நான் ஊசியை எடுத்ததும் சட்டென்று நிறுத்திவிட்டு, "அவ்ளோதானா? இருங்க, டீ போடுறேன்" என்று எழுந்து போனாள். என் லேபில் முறுக்கிய மீசையோடு வந்து, "எனக்கெல்லாம் பயம் கிடையாதும்மா" என்று கையை நீட்டிவிட்டு, அடுத்த நிமிஷம் தரையில் கிடந்த ஆம்பளைகள் எத்தனையோ பேர். அவர்களைத் தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தது நான்தான். இவள் ஒருத்திதான் கத்தி முடித்துவிட்டு டீ போட்டாள். அன்றைக்கு அதை வேடிக்கை என்று மட்டும்தான் நினைத்தேன்.

அப்புறம் அந்தச் சாலை.

மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிற சமயம். சாயங்காலம் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம் இருந்தது. இரண்டு ஊர்களுக்கு நடுவே, வீடு வாசல் எதுவும் இல்லாத ஒரு வளைவில், பின்னால் வந்த பைக் என்னைத் தாண்டிக் குறுக்கே நின்றது. பின்சீட்டில் இருந்தவன் இறங்கி என் முதுகுப் பக்கம் வந்தான். பின்கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது. அரிவாள் என்பது புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அக்கா, சத்தம் போடாத. கழட்டுக்கா."

தாலிச் சங்கிலி. கொக்கி எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை. அவன் பொறுக்கவில்லை. சங்கிலிக்கும் கழுத்துக்கும் நடுவே அரிவாளை நுழைத்து வெடுக்கென்று இழுத்தான். தோல் கிழிந்தது. பைக் போய்விட்டது. நான் வண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். அவன் முகம் எனக்கு ஞாபகமில்லை. அந்த "அக்கா" மட்டும் காதுக்குள் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் தெரிந்தவன், தெரியாதவன், காய்கறி விற்பவன் எல்லோரும் கூப்பிடுகிற அதே அக்கா. மிரட்டலாகக்கூட இல்லை, பழக்கத்தில் சொன்னதுபோல மெதுவாகத்தான் சொன்னான்.

ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு வீடு திரும்பியபோது மாமியார் வாசல் கேட்டருகே மஞ்சள் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். "வெறுங்கழுத்தோட படி ஏற வேணாம்" என்று அங்கேயே என் கணவரைக் கட்டச் சொன்னார். பின்கழுத்தில் பிளாஸ்திரி. அதன் மேலேயே ஈர மஞ்சள் கயிறு. எரிந்தது. என் கணவரின் விரல் என் கழுத்தில் பட்டபோது நான் துள்ளி விலகினேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அவரும் என்ன செய்வார், முடிச்சைப் போட்டு முடித்தார்.

மறு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியதில் நான் வரிசையை விட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். வீட்டுக்கு உறவுக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். "உயிருக்கு ஒண்ணும் ஆவலையே, அத நெனச்சிக்க." "நீ தைரியமான பொண்ணாச்சே." "ஒரு வாரத்துல சரியாப் போயிடும்." எல்லோரும் நல்லவர்கள், பிரியமாகத்தான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். தைரியமான பொண்ணு என்று சொல்லிவிட்ட பிறகு, பால்காரர் பைக் சத்தம் கேட்டாலே கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன் என்று யாரிடம் சொல்வது? கழுத்தில் முந்தானை பட்டாலும் ஆகவில்லை. தூக்கம் போய்விட்டது. இருந்த விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. அந்தக் கிராமத்துக்குக் காலையில் ஒரு பஸ் உண்டு, ஆனால் வேலை முடிந்து திரும்பும் நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. கணவருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் ஷிப்டு வேலை, தினமும் என்னைக் கொண்டுவிட முடியாது. வேலையை விட்டுவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அது போய்விட்டால் அப்புறம் வீட்டைவிட்டு வெளியே வரவே மாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

உறவுக்கூட்டம் ஓய்ந்த ஒரு பகல் பொழுதில் அவள் வந்தாள். என்னைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு நான் தண்ணீர் கொடுக்கும்படி ஆயிற்று.

"கேட்டதுலேருந்து எனக்குக் கைகால் ஓடல. உங்களுக்குப் பயமா இருக்காக்கா?"

அத்தனை பேர் வந்து போன வீட்டில் அந்தக் கேள்வியை அவள்தான் முதலில் கேட்டாள். இருக்கு என்றேன்.

"எங்க இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "எனக்குன்னா அடிவயித்துல வரும். இடி இடிச்சா முழங்காலு. உங்களுக்கு எங்க?" என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. நான் பின்கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். உடனே அவள் கை தன் பின்கழுத்துக்குப் போயிற்று. அங்கே கிடந்த கருகமணியைப் பிடித்துக்கொண்டாள். முஸ்லிம் வீடுகளில் தாலி மாதிரி அது. அப்படியே உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். கணவரிடமும் போலீஸிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவன் அக்கா என்று கூப்பிட்டதையும், இப்போது யார் பின்னாலிருந்து அக்கா என்றாலும் உடம்பு விறைத்துப்போவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "லாத்தா, ஒரு நிமிஷம் வாங்களேன்."

அவர்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். அது அவளுடைய சொந்த அக்காவைக் கூப்பிடுகிற சொல். என்னை அதுவரை அப்படி அழைத்ததில்லை. ஏன் மாற்றினாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் வாயிலிருந்து என்னை நோக்கி அக்கா என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. உளறுவாயான அவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் எப்படி வாய் தவறிக்கூட வரவில்லை என்று இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறேன்.

அன்று கூப்பிட்டது சிலிண்டர் மாட்டுவதற்கு. "எனக்குப் பயமா இருக்கு லாத்தா. நீங்க இத மாட்டிக் குடுங்க. உங்களுக்கு இன்னிக்கு என்ன பயமோ சொல்லுங்க, அத நான் பாத்துக்குறேன்."

பால்காரர் என்றேன். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுப் பாலையும் அவளே வாங்கி வைத்தாள். இப்படித்தான் எங்களுக்குள் அந்தப் பண்டமாற்று ஆரம்பித்தது. காலையில் சுவரில் சாய்ந்துகொண்டு அவரவர் பயத்தைச் சொல்வோம். அவள் வீட்டுப் பல்லியை நான் விரட்டுவேன். வாசலில் கூரியர்காரன் மணி அடித்தால் அவள் ஓடி வந்து வாங்குவாள். மாமியார், "ரெண்டு பேரும் என்னத்தடி குசுகுசுங்கறீங்க?" என்பார். "பயத்தப் பத்திப் பேசுறோம் அத்தை" என்று இவள் சத்தமாகச் சொல்வாள். மாமியாருக்கு அவளும் அத்தை என்றே கூப்பிடுவதில் பெருமை. அவரும் ஒருநாள் சுவரோரம் வந்து நின்று, மகன் ஷிப்டு முடிந்து வரும்வரை தனக்கு இருக்கும் பயத்தைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதில்லை.

சின்னச் சின்னதாக என் உடம்பு எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் அந்தச் சாலை அப்படியே இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். ஞாயிறு காலை சுவரோரம் நின்று, "நான் வேலய விடப்போறேன்" என்றேன்.

அவள் யோசித்தாள். "இதுல மாத்திக்க முடியாது லாத்தா. எனக்கு வண்டி பயம், உங்களுக்கு ரோடு பயம். ஒண்ணாதான் போவணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர் எல்லை வரை நடந்தவள் இவள். ஆனால் உள்ளே போய், புர்காவைச் சேர்த்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "உங்க ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவோம். நான் கத்துவேன். முன்னாடியே சொல்லிடுறேன்."

ஏறும்போதே கத்தினாள். வண்டி கிளம்பியதும் என் இடுப்பை இறுக்கிக்கொண்டு பிஸ்மில்லா சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நடுநடுவே "மெதுவா, மெதுவா." அவள் வாய் என் பின்கழுத்துக்கு நேராக இருந்தது. சூடாக, படபடவென்று, அவள் மூச்சு அந்தத் தழும்பின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. முதலில் உடம்பு கூசியது. வண்டியை நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் பின்னால் இருப்பவள் என்னைவிட அதிகமாக நடுங்குகிறாள். நான் ஆடினால் அவள் விழுந்துவிடுவாள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன்.

வளைவு வந்தது. சோளம் அறுத்து முடித்திருந்தார்கள். வெறும் அடிக்கட்டைகள்தான் நின்றன. வெகுதூரம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியும் கால் தானாகக் கீழே போய் ஊன்றி வண்டி நின்றுவிட்டது. "இங்கதானா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு பைக் சத்தம்.

அவள் போட்ட அலறலில் எனக்கு அலற இடமில்லாமல் போயிற்று. பைக்கில் வந்தவர் சின்ன வெங்காய மூட்டையோடு தடுமாறிக் காலை ஊன்றி நின்றார். தலையில் துண்டு கட்டிய வயதான விவசாயி.

"என்னம்மா ஆச்சு? ஏன் கத்துறீங்க?"

நானாக இருந்தால் ஒன்றுமில்லை என்றிருப்பேன். அவள் வண்டியைவிட்டு இறங்காமலே சொன்னாள். "இந்த எடத்துலதாங்க இவங்க சங்கிலிய அறுத்துட்டுப் போனாங்க. எங்களுக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரி வரைக்கும் கொஞ்சம் கூட வர்றீங்களா பெரியவரே?"

அவர் என்னைப் பார்த்தார். "அட, ரத்தம் எடுக்குற அம்மாவா? என் சம்சாரத்துக்கு நீங்கதானே சுகர் பாத்தீங்க. வாங்க, நான் முன்னாடி போறேன்."

வெங்காய மூட்டையோடு மெதுவாக, நாங்கள் வருகிறோமா என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?" என்று கேட்டார். மறுநாள் நான் தனியாகப் போனேன். மாலையில் கிளம்பும்போது வாசல் வேப்ப மரத்தடியில் அவர் பைக்கோடு நின்றிருந்தார். அவர் வர முடியாத நாட்களில் ஊர்க்காரர்கள் வேறு யாராவது நின்றார்கள். டீக்கடையில் சொல்லி வைத்துவிட்டாராம். வளைவைத் தாண்டியதும் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சில மாதங்கள் கழித்து நானே போதும் என்று சொல்கிற வரை அது நடந்தது. அத்தனை வருஷம் அந்த ஊருக்குப் போய்வந்தும், உதவி என்று ஒருவரிடம் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எனக்காகக் கேட்டுவிட்டாள்.

சங்கிலி கிடைக்கவில்லை. அதை நான் எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

பிறகு அவள் கணவருக்குக் குடும்ப விசா வந்தது. திருச்சியிலிருந்து விமானம். புறப்படும் அன்று காலை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "இதுக்கு நீங்க கூட வர முடியாதே லாத்தா" என்று அழுதாள். நானும் அழுதேன். போய்ச் சேர்ந்ததும் குரல் செய்தி வந்தது. "ஏறும்போதே பக்கத்து சீட்டு அம்மாகிட்ட நான் கத்துவேன்னு சொல்லிட்டேன். அவங்க, நானும் கத்துவேன்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டே வந்தோம்."

எனக்கு இப்போது அரியலூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. சிமெண்டு லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டுகிறேன். பின்கழுத்தில் இப்போதும் சில சமயம் சில்லிடும். அப்போதெல்லாம் அந்தச் சூடான மூச்சை நினைத்துக்கொள்வேன். மெதுவா, மெதுவா என்று கேட்கும். வண்டி நேராகப் போகும்.

சென்ற வாரம் ஜெயங்கொண்டம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பைக் வேகமாக நெருங்கி வந்தது. பக்கத்தில் வந்ததும், "அக்கா, அக்கா" என்று குரல். உடம்பு விறைத்தது. பிரேக்கை அழுத்தி நின்றுவிட்டேன். ஆலைச் சீருடை போட்ட ஓர் ஆள் என் காலடியைக் காட்டி, "ஸ்டாண்டு எடுக்கலக்கா" என்றார்.

காலால் தட்டி மேலே ஏற்றினேன். நன்றி சொல்ல வாய் திறந்தால் வேறொன்று வந்தது. "பின்னாடி யாராவது வண்டில வந்தா எனக்குப் பயம் தம்பி. ஒருக்கா கழுத்துல அரிவாள் வெச்சி அறுத்துட்டுப் போயிட்டாங்க."

அவர் பதறிப்போனார். "ஐயோ, தெரியாம வந்துட்டேன்க்கா. நீங்க முன்னாடி போங்க. இல்ல இல்ல, நான் முன்னாடி போறேன்" என்று குழம்பி, கடைசியில் டவுன் வரும்வரை எனக்கு முன்னால் மெதுவாகவே போனார்.

வீட்டுக்கு வந்து இதை அவளுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். அக்கா என்றுதான் கூப்பிட்டார், பயந்தேன், பயந்ததைச் சொல்லிவிட்டேன், அப்புறம் ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. முதலில் மூக்கைச் சிந்தும் சத்தம். பிறகு, "அப்ப இனிமே நானும் உங்கள அக்கான்னே கூப்புடலாமா?"

தண்ணீர் குடித்துவிட்டு வந்து பதில் சொன்னேன்.

"ஊரே கூப்புடட்டும். நீ லாத்தான்னுதான் கூப்புடணும். இல்லன்னா நான் கத்துவேன். முன்னாடியே சொல்லிடுறேன்."